தேரன்று அணைக்காத அடுப்பு

சிதம்பரம்
மாசி முதல் வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகன் இளவரசுக்கு, அப்பா உத்திராபதி சொல்லச் சொல்ல மாடியில் குடியிருக்கும் அம்ரீன் எழுதுவது. இங்கே நான் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறேன், முட்டி வலி விடிந்ததும் கொஞ்சம் இருக்கும், வெயில் ஏறினால் விட்டுவிடும். நீயும் மருமகள் காயத்ரியும் பேரனும் அந்தத் தோகா பட்டணத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வாசலில் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தாலே சரிப்பா சரிப்பா சாப்டியா என்று கேட்டு வைத்துவிடுவாய், நீ எப்போது வைப்பாய் என்று நானும் காத்துக்கொண்டுதான் இருப்பேன். இது அப்படிப் பாதியில் வைத்துவிடக் கூடாத சேதி.

எனக்கு எழுத்துத்தான் தெரியாது, வருஷமெல்லாம் தெரியும். உன் அம்மா பட்டம்மாள் போனது கார்கில் சண்டை நடந்த ஆடியில். உன் கல்யாணம், தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததே, அதற்கு அடுத்த வைகாசி. இப்போது சொல்லப்போவது, சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டுப் பெண்ணையாற்றுத் தண்ணீர் கடலூர்த் தெருக்களில் ஏறியதற்கு மறு வருஷத்து மார்கழி, தேரன்று நடந்தது. நடந்தது உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்குத் தெரிந்தது நான் சொன்னது மட்டும்தான்.

நம் சந்து முனையைத் தேர் தாண்டும்போது வீட்டு அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது எங்கள் அம்மா வைத்துவிட்டுப் போன வழக்கம், நீயும் பார்த்து வளர்ந்ததுதான். அது விறகடுப்புக் காலம், விறகை வெளியே இழுத்துவிட்டால் தணலில் பானை அது பாட்டுக்குக் கிடக்கும், வீட்டிலும் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். அன்று உன் அத்தை ஞானாம்பாள் மொச்சையும் பரங்கிக்காயும் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். தேங்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினவள் அடுப்பண்டை போய், அண்ணே அமத்திட்டுப் போறேன், இது கேஸு, அம்மா காலத்து அடுப்பு இல்ல என்றாள். நான்தான் கூடாது என்றேன். சாமி வர்ற நேரத்துல யாராச்சும் அடுப்ப அமத்துவாங்களா, எரியட்டும், நான் வூட்லதான இருக்கேன், பாத்துக்கறேன், நீ போ என்றேன். அதற்கு அவள், நீயா, பால் வச்சா அடுப்புக்கு அபிஷேகம் பண்ற ஆளாச்சே நீ என்று சிரித்தாள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி நின்று, எங்கியும் போயிடாதண்ணே என்று இன்னொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நான் போனேன். முதலில் வாசற்படி, அப்புறம் சந்து முனை, அங்கே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான். மேள சத்தமும் சங்கும் கேட்கிறது, தேர் தெற்கு வீதியிலிருந்து திரும்பி மேல வீதியில் நிற்கிறது, எவனோ ஒருத்தன், தாத்தா சும்மா நிக்கறீங்களே, வந்து கை குடுங்க என்று கூட்டத்தில் இடம் விட்டான். போன வருஷம் முட்டி பிசகினதிலிருந்து வடத்தில் கை வைக்கக் கூடாது என்று நீ என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாய். வடம் கைக்கு வந்ததும் அந்தச் சத்தியமும் போயிற்று. வடக்கு வீதி முனை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். குழம்பு மறந்துபோயிற்று என்று சொன்னால் எல்லாரும் நம்புவீர்கள், வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவீர்கள். எனக்கு மறக்கவில்லை இளவரசு. வடத்தைப் பிடித்திருந்த நேரமெல்லாம் அடுப்பு ஞாபகத்தில்தான் இருந்தது. சிறு தீதானே, தண்ணீர் தாராளமாகத்தான் விட்டிருக்கிறாள், இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு போனேன். திரும்பலாம் என்று பார்த்தால் கூட்டம் அடைத்துக்கொண்டது, சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது சந்தெல்லாம் புகை.

அம்ரீன் அன்று லீவு போட்டு மாடியில் இருந்தது ஆண்டவன் செயல். கருகல் வாடை வந்து கீழே ஓடிவந்து, சாத்தியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், எரிகிற கைப்பிடித்துணியை இழுத்துப் போட்டு, சிலிண்டரை மூடியிருக்கிறாள். அலமாரித் தட்டு பிளாஸ்டிக் உருகி அவள் வலது கையில் விழுந்தது. இதை எழுதுகிற கையில்தான், புறங்கையில் தோல் இன்னும் வேறு நிறமாக இருக்கிறது. அவளும் இது வரைக்கும் அத்தைதான் அடுப்பை விட்டுப் போனாள் என்று நம்பிக்கொண்டிருந்தவள். சற்றுமுன் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் திரும்ப எடுத்துக்கொண்டு, மேல சொல்லுங்க தாத்தா, எதையும் வுட்றாதீங்க என்றாள், சொல்கிறேன்.

அக்கம்பக்கமெல்லாம் கூடி, யாரு அடுப்ப அமத்தாம போனது என்று கேட்டார்கள். தங்கச்சிதான் சமைச்சிக்கிட்டிருந்தா என்றேன். அது பொய்யில்லை, அதனால் வாயில் சுலபமாக வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஞானாம்பாள் நெற்றி நிறைய விபூதியோடு தேங்காய் மூடியை ஏந்திக்கொண்டு வந்தாள். அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நீ பாத்துக்கறேன்னு சொன்ன இல்லண்ணே என்றாள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. நான், எப்ப சொன்னேன் என்றேன். அவ்வளவுதான் இளவரசு, அந்த ரெண்டு வார்த்தைதான். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சொல்லலியா, அப்ப நாந்தான் அமத்தாம வந்துட்டனா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஏன் சொன்னாய் என்று நீ கேட்பாய். வடம் இழுத்தது தெரிந்தால் உன் சத்தியத்துக்கு என்ன பதில் சொல்வது, இந்தக் கிழவனைத் தனியாக விடக் கூடாது என்று முடிவுகட்டி வீட்டைப் பூட்டி என்னை எங்காவது கொண்டுபோய் வைத்துவிடுவாயே என்ற பயம்தான். நான் எதற்குப் பயந்தேனோ அதை அவளுக்குச் செய்துவிட்டேன்.

மறுநாள் நீ போனில், அத்தைக்கு மறதி வந்துடுச்சுப்பா, அடுப்ப எரியவுட்டு வெளிய போறவங்கள எப்படி வூட்ல வச்சிருக்கறது என்று சத்தம் போட்டாய். கலியமூர்த்திக்கும் சொன்னாய். அவனும் பெற்ற தாயாயிற்றே என்று உடனே வந்து கடலூர் முதுநகருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். உன் மேல் குற்றமில்லை, அவன் மேலும் இல்லை. டாக்டரிடம் காட்டினார்கள், நாங்கள் சொன்ன கதையை வைத்து அவர் மறதிக்கு மாத்திரை எழுதினார். பொங்கலன்று இந்த வீட்டில் பானை ஏறவில்லை, அம்ரீன் கொண்டுவந்த சோற்றைத் தின்றேன், அவள் புளிக்குழம்பு நன்றாகத்தான் வைக்கிறாள், எனக்குத்தான் இறங்கவில்லை.

போன வாரம் பஸ் பிடித்துக் கடலூர் போனேன், எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கலியமூர்த்தி பெண்டாட்டி வினோதினி நல்ல பெண், குறை சொல்ல முடியாது, ஆனால் அத்தையைச் சமையற்கட்டுப் பக்கம் விடுவதில்லை. வினோதினி என்னடாவென்றால் அரிசியைக் கூடத்தில் இருக்கிற எலக்ட்ரிக் குக்கரில் போட்டுவிட்டுக் கடைக்குப் போய் வருகிறாள், அது தானா நின்னுடும் மாமா என்கிறாள். உன் அத்தை அந்தக் குக்கர் எதிரில் நாற்காலி போட்டு அவள் வருகிற வரை உட்கார்ந்திருக்கிறாள், தொடுவதில்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறாள். என்னைக் கண்டதும் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்துக்கொண்டிருக்கிறேன், டம்ளர் என் கையில் இருக்கிறது, அண்ணே உனக்குத் தண்ணி குடுத்தனா என்று கேட்டாள். மறந்து கேட்கவில்லை அவள், தான் செய்ததைத் தானே நம்பாமல் கேட்கிறாள். பள்ளிக்கூடம் போகாத ஆளுக்கு ஊரார் கல்யாணத் தேதியெல்லாம் எதுக்கு என்று என்னைக் கிண்டல் பண்ணுகிறவள் அவள். இல்லாத வியாதிக்குக் காலையும் மாலையும் மாத்திரை போட்டுக்கொள்கிறாள். சொல்ல வாயெடுத்தேன், வினோதினி காபி கொண்டுவந்தாள், அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன், பஸ் வந்துவிட்டது என்று எழுந்துவிட்டேன். பஸ் வரவில்லை. நிறுத்தத்தில் வெகு நேரம் நின்றேன்.

அதனால்தான் இதை உனக்கு எழுதச் சொன்னேன். உனக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் நான் பின்வாங்க முடியாது. அம்ரீன் இதைப் படம் பிடித்து இப்போதே உன் செல்லுக்கு அனுப்பிவிடுவாள், காகிதத்தை நாளை தபாலில் போடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை கலியமூர்த்தி வீட்டில் இருப்பான், அன்று போய் அவனையும் வினோதினியையும் வைத்துக்கொண்டு ஞானாம்பாளிடம் சொல்லப்போகிறேன். நான் போய்ச் சேர்ந்ததும் நீ போன் பண்ணு, நான் சொல்லிவிட்டேனா என்று அவளிடமே கேள், என்னிடம் கேட்காதே. டாக்டரிடமும் நானே வந்து சொல்கிறேன் என்று கலியமூர்த்திக்குச் சொல். அவளுக்கு மனமிருந்தால் அழைத்து வருகிறேன். வரமாட்டேன் என்றால் அது அவள் இஷ்டம், யாரும் வற்புறுத்தக் கூடாது. உன் அம்மா போன பிறகு கைப்பிள்ளை போல உன்னைப் பார்த்துக்கொண்டவளிடம் நீ பேசிய பேச்சுக்கு நான்தான் காரணம், ஆனாலும் நீயும் ஒரு வார்த்தை சொல்லு.

காயத்ரி அடுப்பில் குக்கரை வைத்துவிட்டுக் கீழே போய்ப் பேரனைப் பள்ளி வண்டியிலிருந்து அழைத்து வருகிறாள் என்று சொன்னாயே, இனிமேல் அணைத்துவிட்டுப் போகச் சொல், திட்டாமல் சொல்லு. திரும்பி வந்து மறுபடி ஏற்றினால் ஒன்றும் கெட்டுப்போகாது. சாமியே தெருவில் வந்தாலும் அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உன் பாட்டி வைத்த வழக்கம் என்னோடு நிற்கட்டும். பேரன் வெயிலில் தொப்பி இல்லாமல் போகிறானாம், பார்த்துக்கொள். உனக்கும் குடும்பத்துக்கும் நடராசர் துணையிருந்து நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறந்துவிடாதே. எங்கள் அம்மா வயிற்றில் பிறந்தவர்களில் பெரியண்ணன் வைத்தியலிங்கம் போய்விட்டார், குப்பம்மாள் அக்கா போய்விட்டாள், சின்னவன் ராசாங்கம் தானே புயல் வருஷத்திலேயே போய்விட்டான். இது நடந்தது, அம்மா இப்படிச் சொன்னாள் என்று நான் சொன்னால் ஆமாம் என்று சொல்லவோ, இல்லவே இல்லை என்று என்னோடு சண்டைக்கு வரவோ இன்று உயிரோடு இருப்பது உன் அத்தை ஞானாம்பாள் ஒருத்திதான்.

இப்படிக்கு,
உன் அப்பா
உத்திராபதி