கிண்ணத்தில் எரிந்த ஓடம்

கடல் தன் கரையறிந்து நிற்க. காரியாறு தன் வழியறிந்து ஓடுக. அரசு தன் சொல்லறிந்து வாழ்க.

வெண்மணற்கோட்டு நாட்டையும் அதன் துறைகளையும் உப்பளங்களையும் ஒரு குடைக்கீழ்க் காத்தருளும் செங்காந்தள் மாதேவியார் திருவாய் மலர்ந்தருளியபடி, ஓலைநாயகம் கீரங்கண்ணன் எழுதியது.

பவழத்துறை நகரத்தார்க்கும், வணிகர்க்கும், வலைஞர்க்கும், உப்பு விளைப்போர்க்கும், துறைக்காவலர்க்கும் தேவியாரின் வாழ்த்து. உங்கள் வலைகள் நிறைக. உங்கள் அடுப்புகள் அவியாதிருக்க. உங்கள் மனையிலிருந்து நீரில் இறங்கியவர் அனைவரும் மீண்டும் கரையேறுக. இவ்வாழ்த்து உங்கள் நகர்க்காவலன் எழினிக்கோவைச் சேராது. தேவியாருக்கு அவன் உடன்பிறந்த தம்பியாயினும் சேராது. முன்பு எழுதிய ஓலைகளிலெல்லாம் ‘அவர்’ என்று எழுதிய கை, ஆணைப்படி இன்று ‘அவன்’ என்று எழுதுகிறது.

இவ்வோலை அவன் மாளிகைக் கூடத்திலேயே, அவன் நின்று கேட்க, நீங்கள் அமர்ந்து கேட்க, உரத்துப் படிக்கப்படுக. உங்களுள் சிலர் அன்று அங்கே இருந்தீர்கள், சிலர் இல்லை. ஆகவே நடந்தது முழுவதும் இங்கே சொல்லப்படுகிறது. எளியவர் பேசிய சொற்களை மாற்றாது, அவர்கள் பேசியபடியே எழுத வேண்டும் என்பது தேவியாரின் கட்டளை.

எழினிக்கோ தன் வீட்டில் தானே பருகுநீர் கலக்கும் வழக்கமுடையவன் என்பதை இந்நாடு அறியும். திருநாளுக்கு ஒன்று, திருநாள் இல்லாத நாளுக்கு ஒன்று என்று அவன் கலயத்துக்கு ஓய்வில்லை. ஞாயிற்றைப் பாம்பு விழுங்கிய நாளில் நாவற்சாற்றைக் கருக்கக் காய்ச்சி, விளிம்பில் மட்டும் தேங்காய்ப்பாலால் வெள்ளை வளையமிட்டுத் தந்தான். ஓடிப்போன கிளி கூட்டுக்குத் திரும்பிய நாளில் வெற்றிலைச் சாறும் தேனும் சேர்ந்த பச்சைக் கள். முதல் மழைக்கு வெட்டிவேர் ஊறிய பனந்தெளிவு. தன் கடைவாய்ப்பல் விழுந்த நாளுக்குக்கூட நுங்கைப் பிசைந்து ஒன்று செய்து, மெல்ல வேண்டாத விருந்து என்று பெயரிட்டு ஊரை அழைத்தான். தேவியார் முடிசூடிய நாளில், நாவில் பட்டதும் நெல்லிக்காயாய்ப் புளித்து, அடியில் கருப்பட்டியாய் இனிக்கும் ஒன்றைக் கலந்து, அதற்குத் ‘தமக்கையார் முகம்’ என்று பெயரிட்டு அவையில் வழங்கினான். அமைச்சர்கள் நடுங்கிப் போய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தபோது, தேவியார்தாம் முதலில் சிரித்தார். இத்தனைக்கும் தேவியாருக்கு அவன்மேல் சினம் வந்ததில்லை. இனி வந்த சினத்தை அறிக.

சென்ற ஆண்டு தென்குன்ற நாட்டோடு நடந்த போரில், அந்நாட்டு நெல்லோடங்கள் காரியாற்று முகத்தில் எரிக்கப்பட்டன. அவற்றில் இருந்தவர் படைவீரர் அல்லர், துடுப்புப் போடுவோர். எரிக்கச் சொன்ன ஆணையில் இருந்தது தேவியாரின் முத்திரையே. அதைத் தேவியார் மறைக்கவில்லை. அந்த வெற்றிக்கு முரசு அறைய வேண்டாம் என்றும், அந்நாளை எவரும் கொண்டாட வேண்டாம் என்றும் அன்றே சொல்லியிருந்தார். அந்தச் சொல் ஓலையாகப் பவழத்துறைக்கு வந்தது. எழினிக்கோ அதைக் கையால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். படித்தானா என்பது தெரியவில்லை.

போர் ஓய்ந்தபின், அவர்களிடம் சிறைப்பட்ட நம் ஓடக்காரரையும் நம்மிடம் சிறைப்பட்ட அவர்களையும் மாற்றிக்கொள்ளும் உடன்படிக்கை பேச, தென்குன்றத்திலிருந்து கொற்றியார் என்னும் அம்மையார் தூதுவந்தார். அந்நாட்டு ஓடத்துறையை ஆள்பவர் அவர். பேச்சு நல்லபடி முடிந்தது. மறுநாள் காலை ஓலையில் முத்திரை விழ வேண்டும். அதற்கு முன்மாலை எழினிக்கோ அவரை விருந்துக்கு அழைத்தான். அந்த நாள், ஓடங்கள் எரிந்த அதே நாள்.

அவன் அன்று கலந்தது இது. தென்னங்கள்ளில் கருப்பட்டிப் பாகும் மிளகும் சேர்த்தான். கிண்ணத்து விளிம்பில் கடலுப்பு தடவினான். எலுமிச்சைத் தோலைச் சிற்றோடமாக மடித்துக் கள்ளில் மிதக்கவிட்டு, அதில் கற்பூரம் ஏற்றிக் கொளுத்தினான். ஓடம் எரிந்து, சாய்ந்து, கள்ளில் விழுந்து ‘சுர்ர்’ என்று அவியும். அவியும்தோறும் கூடத்தில் இருந்தவர் கைதட்டினர். அதற்கு ‘ஆற்றுத்தீ’ என்று பெயரும் வைத்திருந்தான். முதற்கிண்ணத்தைத் தன் கையாலேயே கொற்றியாரிடம் நீட்டி, ஆண்டு ஒன்று கழிந்துவிட்டதென்றும், பகையைக் குடித்துச் சிரித்துத் தீர்ப்பதே இரு நாட்டுக்கும் அழகென்றும் கூறினான். அவன் அதை நகைத்து இழிவுசெய்யும் எண்ணத்தோடு சொல்லவில்லை என்று அங்கிருந்தோர் சான்று கூறுகின்றனர். நல்லதைச் செய்வதாகவே நினைத்தானாம். தேவியாருக்கு அதுவே அதிகம் எரிகிறது.

கொற்றியார் கிண்ணத்தை வாங்கினார். எரிந்துகொண்டிருந்த ஓடத்தை வாயால் ஊதி அணைத்தார். இரு விரலால் அதை எடுத்து, முந்தானையில் வைத்து முடிந்துகொண்டார். பிறகு சொன்னார்: “இதுல எங்க வீட்டுக்காரரு இருக்காரு. கரைக்குக் கொண்டுபோறேன்.” முத்திரைக்குக் காத்திருந்த ஓலையைத் தொடாமல், வந்த ஓடத்திலேயே ஏறிப் போய்விட்டார்.

இச்செய்தி தலைநகருக்கு வந்தபோது தேவியார் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். தூதன் சொல்லி முடித்தபின், கைதட்டினார்கள் என்ற இடத்தை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் சொல்லச் சொன்னார். எண்ணெய் நெற்றியில் வழிந்து கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை.

தென்குன்றத்தார் துறையை அடைத்தார்கள். நம் ஓடக்காரர் வீடு வரவில்லை. அவர்களின் மனைவியர் கூடி நடந்தே தலைநகருக்கு வந்து அரண்மனை வாயிலில் அமர்ந்தனர். தேவியார் வெளியே வந்தபோது, சாத்தி என்னும் பெண் எழுந்தாள்; வணங்கவில்லை. அவள் சொன்னது: “நாளைக்கு வந்துருவாருன்னு பாய உதறிப் போட்டேன் தாயி. புது மண்சட்டி வாங்குனேன். உங்க தம்பி ஒரு கிண்ணத்தக் கலக்குனாரு, எம் புருசன் வரல. உங்களுக்கு அவரு தம்பி. எங்களுக்கு அவரு யாரு?” வாயிற்காவலர் அவளை இழுக்க வந்தனர். தேவியார் அவர்களைத் தடுத்தார். உள்ளே திரும்பினார்.

இத்தனை நடந்தபின் எழினிக்கோ என்ன செய்தான் என்று நகரத்தார் அறிவீர்களோ? பட்டுக் கட்டிய சாடி ஒன்றைத் தேவியாருக்கு அனுப்பினான். உள்ளே புதிதாகக் கலந்த பருகுநீர். கூட வந்த நறுக்கோலையில் அதன் பெயர் ‘பொறுத்தருள்க’ என்றும், புளியம்பூத் தேனில் ஆக்கியது என்றும், அதில் சேர்த்த ஒரு சிட்டிகை உப்பு தன் கண்ணீரைக் குறிப்பது என்றும், குளிரவைத்துப் பருகினால் சுவை கூடும் என்றும் எழுதியிருந்தான்.

தேவியார் அதைப் படித்தார். சாடியைத் தம் இரு கையாலும் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு நடந்தார். பணிப்பெண்டிர் வாங்க வந்தபோது விலகச் சொன்னார். கடைசிச் சொட்டு வரை சாக்கடையில் கவிழ்த்தார். அழத் தெரியாதவன் உப்பை அளந்து போட்டிருக்கிறான் என்று அவர் சொன்ன குரல், அடுத்த முற்றத்தில் இருந்த யானைப்பாகர்க்கும் கேட்டது. வெறுஞ்சாடியைச் சுண்ணாம்பு கரைக்கக் கொடுத்துவிடச் சொன்னார்.

அன்று அவையில், இனி நாட்டில் எவரும் மனையில் பருகுநீர் கலக்கலாகாது என்று ஆணையிடலாமே என வரி தண்டும் தலைவர் வரிக்காவிதியார் பணிந்து உரைத்தார். தேவியாரின் சினம் அவர்மேல் திரும்பியது. குழந்தைக்குப் பல் முளைத்ததென்று பானகம் கரைக்கும் தாயையும், புதுவலை நீரில் இறங்கும் நாளில் கள்ளில் இஞ்சி தட்டிப் போடும் வலைஞனையும், தூறல் விழுந்தது என்பதைத் தவிர வேறு காரணமே இல்லாமல் சுக்கும் பனஞ்சாறும் கலந்து அண்டை வீட்டாரைக் கூப்பிடுவோரையும் தண்டிப்பதா என்று கேட்டார். அடுத்த வீட்டுச் சாவை எடுத்துக் கிண்ணத்தில் மிதக்கவிட்டவன் ஒருவன். அவனுக்காக ஊர் முழுவதும் ஏன் வாயைக் கட்ட வேண்டும் என்றும் கேட்டார். காவிதியார் அமர்ந்தார். ஆகவே பவழத்துறையார் அஞ்சற்க. உங்கள் கலயங்கள் உங்களுடையவை.

பின்னர்த் தேவியார் தம் கையெழுத்திலேயே கொற்றியாருக்கு ஓலை விடுத்தார். அதில் சாக்குச் சொல்லவில்லை. தம்பியின் அறியாமையை எடுத்துரைக்கவில்லை. உமக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டார். கொற்றியார் எழுதி அனுப்பவில்லை. தூதனிடம் சொல்லியனுப்பினார். சொன்னது இது:

“அவரு தலையும் வேணாம், பொன்னும் வேணாம். ஓலைக்குமேல ஓலையா அவரு மன்னிப்புக் கேக்குறத மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க. புது ஓடம் கட்டி வச்சிருக்கோம், துடுப்புப் போட ஆளில்ல. போடுறவங்கதான் போயிட்டாங்களே. அவர அனுப்புங்க. எங்க ஓடத்துல வந்து உக்காரட்டும். அவரு உக்காந்த அன்னைக்கே உங்க ஆளுங்கள ஏத்தி விடுறோம்.”

அரச குலத்துக் கை துடுப்புப் பிடிப்பதா என்று அவை பதறியது. பொன்னும் உப்பும் இருமடங்காகத் தரலாம் என்றனர் சிலர்; தாயார் இருந்திருந்தால் பொறுப்பாரா என்று கண்ணீர் விட்டனர் சிலர். எரிந்த ஓடங்களில் துடுப்புப் பிடித்திருந்தது எந்தக் குலத்துக் கை என்று தீ கேட்டதா என்றார் தேவியார்.

ஆகவே ஆணை.

இவ்வோலை படித்து முடிந்த அக்கணமே எழினிக்கோவின் விரலிலிருந்து கணையாழியும், தலைக்கு மேலிருந்து குடையும், வாயிலிலிருந்து பல்லக்கும் நீக்கப்படுக. ஓடக்காரர் உடுத்தும் ஆடையை அவன் உடுத்துக. ஏவலர் ஒருவரும் உடன் செல்லற்க. ஏலப்பெட்டியோ தேன்குடமோ கிண்ணமோ அவனோடு போகற்க. துறைக்காவலர் அவனை நடுவாற்றுவரை கொண்டுசென்று தென்குன்றத்தாரிடம் ஒப்படைக்க. போதும் என்று கொற்றியார் சொல்லும் நாள்வரை அவன் அவர்களின் ஓடத்தில் துடுப்புப் போடுக. அவனுக்காக எவரும் தேவியாரிடம் பரிந்து வரற்க. கை கொப்புளித்தால் அத்துறைப் பெண்டிர் மருந்து அறிவர். அவர்களிடம் கேட்டு இட்டுக்கொள்க. அவன் மாளிகைக் கூடம், மீண்டு வரும் ஓடக்காரரின் மனையார் தங்கியிருக்கத் திறந்துவிடப்படுக. சாத்திக்கும் அவளோடு வந்தவர்க்கும் முதலிடம் அங்கே.

இனி நகரத்தார்க்கு ஒரு சொல். அன்று கைதட்டியவர் எவரெவர் என்று தேவியார் கேட்கவில்லை. கேளாததைப் பொறுத்ததாகக் கொள்ளற்க. நம் ஓடக்காரர் மீண்டு வரும் நாளில், கைதட்டிய கைகள் துறையில் இறங்கி, முழங்கால் நீரில் நின்று, அவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக் கரையேற்றுக. நீங்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

உடன்படிக்கையில் முத்திரை வைக்கத் தேவியாரே தென்குன்றம் செல்வார். நம் நாட்டு ஓடத்தில் வரலாகாது, அவர்கள் ஓடத்தில்தான் ஏறிவர வேண்டும் என்பது கொற்றியாரின் விதி. தேவியார் அதற்கு இசைந்தார். அன்று அந்த ஓடத்தில் துடுப்புப் போடுவோருள் எழினிக்கோ ஒருவனாக இருப்பான். அவன் முகத்தைப் பார்ப்பதா, நீரைப் பார்த்தபடியே ஆற்றைக் கடப்பதா என்பதைத் தேவியார் இன்னும் முடிவு செய்யவில்லை. இதுவும் அவன் காதில் விழப் படிக்கப்படுக.

இவ்வோலைக்கு மேல் ஓலை வராது. தேவியார் கண்முன் அரக்கிட்டு வலம்புரி முத்திரை பொறித்தது. படித்தவர் நிற்க, கேட்டவர் செய்க.