முப்பந்தல் காற்றும் இரண்டு கார்டுகளும்

பிரியமுள்ள, பிடிவாதக்கார அத்தானுக்கு,

உங்கள் சைக்கிளை நான்தான் எடுத்தேன். முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன், பிறகு தெரிந்தால் திட்டுவீர்கள். சீட்டைக் கொஞ்சம் இறக்கியிருக்கிறேன். நீங்கள் மாட்டிய மணி அப்படியே இருக்கிறது. தொண்ணூற்றிரண்டு கிலோ மச்சினனைச் சுமந்துகொண்டு அது இன்னும் ஓடுவதே பெரிய விஷயம்.

ஆமாம், நானேதான். உங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அக்காவிடம் மூட்டிவிட்ட அதே டாக்ஸி டிரைவர். ஒரு வருஷமாகத் தினமும் விடியற்காலையில் கரமனையிலிருந்து பாறசாலை வரை போய்த் திரும்புகிறேன். தம்பானூர் ஸ்டாண்டில் என்னை எப்படியெல்லாம் கிண்டல் செய்கிறார்கள் தெரியுமா? கார் டிரைவர் சைக்கிளில் வேலைக்கு வந்தால் சும்மா விடுவார்களா?

இதை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள், அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போன வருஷம் போனது நம் ஊர் சைக்கிள்காரர்கள் ஜூன் மாதம் நடத்தும் ஓட்டம். தம்பானூரிலிருந்து திருநெல்வேலி போய்த் திரும்ப வேண்டும், முந்நூறு கிலோமீட்டர். மாலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மறுநாள் மதியம் இரண்டு மணிக்குள் வந்து சேர வேண்டும். முதலிடம், பரிசு எதுவும் கிடையாது. கையில் ஒரு கார்டு தருவார்கள். வழியில் குறித்த இடங்களில் அதில் முத்திரை வாங்க வேண்டும், கடைசிக் கட்டத்தில், தம்பானூர் திரும்பியதும், கையெழுத்து. கடையில் காசு கொடுத்து யாருக்கும் கிடைப்பதை நீங்களும் வாங்கலாம். வேண்டியவர்கள் வந்து கை கொடுப்பது மட்டும் கூடாது. எனக்கு அந்த விதி அன்றைக்கு விளங்கவே இல்லை. வேண்டியவன் கை கொடுக்காமல் வேறு யார் கொடுப்பது?

நீங்கள் அதில் திரும்பி வந்த அன்று காலை நான் திருநெல்வேலியில் ஒரு சவாரியை இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்தேன். முப்பந்தலில், அந்தக் காற்றாலைகளுக்கு நடுவில், உங்களைப் பார்த்தேன். ஜூன் மாதத்து மேல்காற்று நேர் எதிரே அடிக்கிறது. நீங்கள் மிதிக்கிறீர்கள், சைக்கிள் நகர மாட்டேன் என்கிறது. ஐம்பத்து மூன்று வயது, இரவு முழுக்கத் தூக்கமில்லை, தலை ஹேண்டில்பாரில் தொங்குகிறது. அம்பாசிடரை உங்களுக்கு முன்னால் கொண்டுபோய், இருபது கிலோமீட்டர் வேகத்தில் உருட்டினேன். காருக்குப் பின்னால் காற்று இல்லை. நீங்கள் கையை ஆட்டிப் போ போ என்றீர்கள். சொந்தக்காரன் முதலில் அப்படித்தான் வேண்டாம் என்பான், நாம் விடக் கூடாது. நான் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் கை ஆட்டுவதை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்தீர்கள். தோவாளை வரை அப்படியே கூட்டி வந்தேன். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா எனக்கு!

தம்பானூரில் இரண்டு மணிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நான் மாலை வாங்கிக்கொண்டு நிற்கிறேன். நீங்கள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, குழுவை நடத்தும் டாக்டரிடம் போய், மச்சினன் கார் முன்னால் வந்தது, எட்டு கிலோமீட்டர் அதன் பின்னால் வந்தேன், கையெழுத்துப் போடாதீர்கள் என்றீர்கள். அவர் மலையாளத்தில் சமாதானம் சொல்லிப் பார்த்தார். நீங்கள் கார்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

எனக்கு வந்த கோபம்! கரமனை வீட்டில் கூடத்தில் நின்று கத்தினேன். முந்நூறு கிலோமீட்டர் மிதித்துவிட்டு வாயால் கெடுத்துக்கொண்ட ஆளை உலகத்தில் பார்த்ததுண்டா? ஊரில் ஒருத்தனாவது பார்த்தானா? நீங்கள் காலை வெந்நீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"எடே, நான் பாத்தேன்லா."

அவ்வளவுதான் சொன்னீர்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். இரண்டு மாதம் உங்களோடு பேசவில்லை. உங்கள் லாட்ஜ் வாசலில் சவாரி ஏற்றும்போதும், ரிசப்ஷனில் நீங்கள் உட்கார்ந்திருப்பது தெரிந்தே, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். இரண்டு மாதம்தானே, எப்போது வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பிறகு அந்த எலிக்காய்ச்சல். அக்கா போன் செய்தபோது ஸ்டாண்டிலிருந்து பறந்து வந்தேன். பின்சீட்டில் அழுதுகொண்டிருந்த அக்கா தோளில் சாய்ந்து, கண்ணெல்லாம் மஞ்சளாக, மெடிக்கல் காலேஜ் போகிற வழியில் நீங்கள் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்தேன். அக்காவுக்கும் கேட்டிருக்கிறது.

"இப்பம் நீ ஓட்டலாம்டே. இதுக்குக் கார்டு கெடையாது."

நான் சிரித்தேன். சிரித்தேனே தவிர மன்னிப்புக் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். அந்தக் கார்டு உங்கள் சட்டைப் பையில் மடித்தபடியே இருந்தது, கடைசிக் கட்டம் காலியாக. அதைப் பார்த்த அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். நான் கெடுத்த கையெழுத்தை நானே போய் வாங்கி வர வேண்டும்.

இந்த ஜூனில் கிளம்பினேன். திருநெல்வேலியில் முத்திரை குத்தும்போது அந்த இடத்துக்கு வைத்த நேரத்தில் பத்து நிமிஷம்தான் மிச்சம். வள்ளியூரில் இட்லி சாப்பிட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தபடி தூங்கிவிட்டேன். கடைக்காரர் பில்லுக்காக உலுக்கினார். அது உதவியில் சேராது என்று நினைக்கிறேன். முப்பந்தலில் காற்று, அதே காற்று. காரில் போகும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டால் அது இல்லை. சைக்கிளில்தான் தெரிகிறது, நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறது. இதையா நீங்கள் ஆசைப்பட்டு வந்து வாங்கினீர்கள் அத்தான்?

அப்போது பின்னாலிருந்து ஒரு ஹாரன். நம்ம ஸ்டாண்ட் சுகுமாரன். நாகர்கோவில் சவாரி என்று பொய் சொல்லிவிட்டு எனக்காகவே வந்திருக்கிறான். காரை முன்னால் கொண்டுவந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"அண்ணாச்சி, பின்னால வந்தா மதி, போதும். காத்தை ஞான் பாத்துக்கலாம்."

அப்படியே என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. அதே பாசம், அதே முட்டாள்தனம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கார் முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிஷம் போகலாமா வேண்டாமா என்று மனம் ஊசலாடியது. இல்லை, பிரேக் பிடித்தேன். இறங்கி ரோட்டோரம் நின்றுவிட்டேன். அவனும் நிறுத்தினான். போ என்றால் போகவில்லை. சண்டை போட்டேன், கெஞ்சினேன், கடைசியில் உங்கள் கதையைச் சொன்னேன். கால் மணி நேரம் போய்விட்டது. அவன் என் முன்னால் போகாமலிருக்க வண்டியைத் திருப்பி, வந்த வழியே திருநெல்வேலிப் பக்கம் போனான். பாவம், அவன் வீடு இந்தப் பக்கம்தான்.

ஆரல்வாய்மொழி தாண்டி ஓர் இடத்தில் காற்று சட்டென்று நின்றது. மரம்கூட அசையவில்லை. தோவாளைப் பூ வாசனை வந்தது. ஒரு கிலோமீட்டர் இருக்கும், பிறகு மறுபடி பிடித்துக்கொண்டது. அது என்ன அத்தான்?

கரமனைப் பாலம் ஏறும்போது இரண்டு மணிக்கு இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. ரோட்டோரம் அக்கா நின்றாள். தண்ணீர் இல்லை, துண்டு இல்லை. கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டேன். "கை முன்னால இருந்தா ஏதாவது குடுத்துரும்லா, அதான் பின்னால கெட்டிக்கிட்டேன்" என்றாள்.

அதற்கு மேல் மிச்சம் இருந்தது மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் எனக்குக் கால் இல்லை. தம்பானூரில் நான் கால் ஊன்றியபோது இரண்டு மணி பதினொரு நிமிஷம்.

டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார். பதினொரு நிமிஷம்தானே, தன் வாட்ச் கொஞ்சம் வேகமாக ஓடும் என்று கண்ணைச் சிமிட்டினார். உங்களை அவரும் மறக்கவில்லை. நான் கார்டை இழுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"என் வாட்ச் சரியாத்தான் ஓடுது, சாரே. நான் பாத்தேன்லா."

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது. தம்பானூர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் நின்று அழுதேன். மன்னிச்சிருங்க அத்தான். காரில் வைத்துக் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன்.

இரண்டு கார்டையும் அக்கா அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்திருக்கிறாள், இரண்டிலும் கடைசிக் கட்டம் காலி. எனக்கு வருத்தமில்லை. இன்னும் பத்து கிலோ குறைக்கிறேன், அடுத்த ஜூனில் இரண்டு மணிக்குள் வந்து கையெழுத்து வாங்குகிறேன். இது உங்கள் மேல் சத்தியம்.

ஒன்றே ஒன்று. தோவாளைக்கு முன்னால் காற்று நின்றதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. அது நீங்களாக இருந்தால், அடுத்த தடவை தயவுசெய்து முன்னால் வராதீர்கள் அத்தான். வேண்டியவர்கள் கை கொடுக்கக் கூடாது.

காற்றைத் தானே பார்த்துக்கொள்ளும்,
உங்கள் மச்சினன்.