மனமாறித் திறந்தாள்

மார்ச் 4, சனி

வாசிப்புக் கூட்டம் இன்று பாதியில் கலைந்தது. சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆறு பேர் உட்கார்ந்து பழைய பாட்டு, சிறுகதை, பெரிய எழுத்தாளர்களின் கடிதம் என்று ஏதாவது ஒன்றைச் சத்தமாக வாசிப்போம். போன வாரக் கடிதத்தில் ஒரு மேதை, புதுச்செருப்பு கடித்ததைப் பற்றி ஒரு பக்கம் புலம்பியிருந்தார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

இன்று பாட்டு. வெகுகாலம் வராதவன் வாசலில் நிற்கிறான். அவள் கதவைத் திறக்க மறுக்கிறாள். தோழி கெஞ்சுகிறாள். கடைசி அடி: 'மனமாறித் திறந்தாள்.'

மச்சான், என் மனைவியின் அண்ணன், பல் வைத்தியர். 'மனம் மாறி' என்று பிரித்தார். தோழி பேசினாள், இவள் மனசை மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான் என்றார். எனக்குச் சுருக்கென்றது. 'மனம் ஆறி' என்றேன். யாரும் அவளை மாற்றவில்லை, கோபம் ஆறிய பிறகு அவளாகத்தான் திறந்தாள்.

"கண்ணாடிக் கடை வச்சிருக்கீங்க, கண்ணு மட்டும் தெரியல மாப்ள."

"பல்லப் புடுங்குற மாதிரி பாட்டையும் புடுங்காதீங்க மச்சான்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் எழுந்து போய்விட்டார்.

மார்ச் 5

விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆறிதான்.

மார்ச் 11, சனி

மச்சான் வரவில்லை. ஒரு சிறுகதை வாசித்தோம். முடிந்ததும் ஆளாளுக்கு "அருமை" என்றார்கள், கலைந்தார்கள். அவர் இருந்திருந்தால் முதல் பத்தியிலேயே மல்லுக்கு நின்றிருப்பார். அவர் இல்லாமல் எனக்குப் படிக்கவே பிடிக்கவில்லை.

மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. "எங்கண்ணன் இங்க வர்றதே அந்த ஒரு நாள்தான். ஒரு எழுத்துக்காக அதையும் கெடுத்தாச்சு."

ஒரு எழுத்தா? ஒரு பெண்ணின் மானம் அது!

மார்ச் 14

லென்ஸ் தேய்த்துக்கொண்டே பாட்டை முணுமுணுத்தேன். ஒன்று உறுத்துகிறது. அவள் தானாகவே ஆறினாள் என்றால், தோழியை அத்தனை அடிகள் பேசவிட்டது எதற்கு? சும்மாவா? அப்படியென்றால் மச்சான் சொன்னது — சே. இருக்கலாம். இருக்கட்டும். அதை அவரிடம் நேரில் சொல்லியே தீருவேன்.

மார்ச் 16

பல் ஒன்றும் வலிக்கவில்லை. ஆனாலும் மச்சானின் கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். உள்ளே போனதும், "வாயத் தெறங்க" என்றார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுவிட்டார்.

"அன்னிக்கு நீங்க கேலி பண்ணது வலிக்கல மாப்ள. எல்லாரும் சிரிச்சாங்க பாருங்க, அதான். யாரு என்ன சமாதானம் சொன்னாலும் எனக்கு ஏறல. அதுவா ஆறுச்சு. அப்பத்தான் பாட்டு புரிஞ்சுது. நீங்க சொன்னதுதான் சரி. ஆறிதான்."

"ஆ... ஆ..." என்றேன். மாறி என்று சொல்ல வந்தேன். 'ம'வுக்கு வாயை மூட வேண்டுமே!

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார்.

மார்ச் 18, சனி

மச்சான் வந்தார். இன்றைக்கு ஒரு கடிதம் வாசிப்பதாக ஏற்பாடு. யாரும் அதைப் பிரிக்கவே இல்லை. நான் 'மாறி'க்கு, அவர் 'ஆறி'க்கு, மேசையைத் தட்டித் தட்டிச் சண்டை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மனைவி தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். சத்தத்தைக் குறைக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். அண்ணன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "முதல்லேர்ந்து வாசிங்க" என்றாள்.