அத்தான், வேணாம்

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நலம். அதாவது, இரண்டு காதையும் கழித்துவிட்டால் மற்ற பாகங்கள் நலம். நேற்று நீ போனில் பத்து நிமிஷம் பேசியதில் எனக்குக் கேட்டது இரண்டே வார்த்தை. ஒன்று 'இன்டர்வியூ'. இன்னொன்று 'கத்தரிக்காய்'. அது 'கத்தாதீங்க' என்று உன் அக்கா பிறகு விளக்கினாள். ஆகையால்தான் இந்தக் கடிதம். பதிலை நான் வேலை பார்க்கும் பயிற்சிக் கூடத்து முகவரிக்கே எழுது. வீட்டுக்கு எழுதினால் என் மனைவி என்கிற உன் அக்கா முதலில் படித்துவிட்டு, எனக்குச் சாரம் மட்டும் சொல்வாள்.

உன் கம்பெனி மூடிப் பதினான்கு மாதம் கழித்து ஒரு விமானக் கம்பெனி உன்னைக் கேப்டன் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. நாற்பத்திரண்டு வயதில் இனி எத்தனை பேர் கூப்பிடப்போகிறார்கள்? அதனால் நான் சொல்வதைக் கேள். நான் இருபத்தாறு வருஷம் ஓட்டியவன், இப்போது பிறர் ஓட்டப் பழகுவதற்கு நேர அட்டவணை போடுகிறவன். இன்டர்வியூ முடித்து வருகிறவர்கள் எல்லாரும் என் மேஜை முன்னால்தான் புலம்புவார்கள்.

முதலில் காகிதம். பறந்த மணிக்கணக்கை எழுதும் லாக் புக்கில் கூட்டலைச் சரிபார். போன மாதம் ஒரு பையன் தான் பிறப்பதற்கு முந்தைய வருஷத்தில் மூன்று மணி நேரம் பறந்ததாக எழுதியிருந்தான். பிறகு எழுத்துத் தேர்வு. அதை நீ ஊதித் தள்ளிவிடுவாய். அப்புறம் சிமுலேட்டர் என்கிற பொய் விமானம். அங்கே என்ஜினை அணைப்பார்கள், பதறாதே. நீ பதறுகிறாயா என்று பார்க்கத்தான் அணைக்கிறார்கள். கூட உட்காருகிறவனிடம் பேசிக்கொண்டே ஓட்டு. வாயை மூடிக்கொண்டு அழகாக ஓட்டினவனை எடுக்கமாட்டார்கள்.

கடைசியில் மூன்று பேர் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு கேப்டன், ஒரு பர்சனல் ஆபீசர் அம்மாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே இருப்பார். அவர்தான் ஆபத்து. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் இரண்டு நிமிஷத்தில் முடி. உன் அக்காவின் தம்பி என்பதால் சொல்கிறேன்.

சட்டையை இஸ்திரி போட்டு வை.

அன்புடன்,
அத்தான்


மார்ச் 11

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. லாக் புக்கைக் கூட்டிப் பார்த்தேன். ஆறு மணி நேரம் இடித்தது. பழைய பக்கத்தில் 7ஐ 1 என்று படித்திருக்கிறேன். நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் போயிருப்பேன்.

கண்ணாடி முன்னால் பதில் சொல்லிப் பழகுகிறேன். உங்கள் மருமகள் கதவருகே நின்று, "அப்பா யாரோட சண்ட போடுறாரு?" என்று அவள் அம்மாவிடம் கேட்கிறாள்.

ஒரு கேள்வியில்தான் தட்டுகிறது. போனவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள், அது கட்டாயம் வருமாம். 'உங்களுக்கு மேலே இருந்தவர் தப்புச் செய்தபோது நீங்கள் தடுத்த சம்பவம் ஒன்று சொல்லுங்கள்.' நானும் தேடிப் பார்த்தேன். ஒரு கேப்டன் எரிபொருள் கணக்கில் ஒரு எண்ணை விட்டதைச் சொன்னேன், சரி என்று திருத்திக்கொண்டார். இதெல்லாம் ஒரு கதையா?

என்னிடம் இருப்பது ஒரே ஒரு கதைதான், அத்தான். அது எது என்று உங்களுக்கும் தெரியும். பதினோரு வருஷமாக நான் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. இப்போது சொல்லலாமா? உங்கள் பெயரைச் சொல்லமாட்டேன். நீங்கள் வேண்டாம் என்றால் இல்லை.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மச்சான்


மார்ச் 16

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே மழை விட்டுவிட்டது. என் காதுக் கருவியில் பேட்டரி மாற்றினேன், மாற்றிய உடனே பக்கத்து வீட்டு மிக்ஸி கேட்டது, கழற்றி வைத்துவிட்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன்னிடம் கதையா இல்லை? மழையில் இறங்குவதற்கு ஏணி வண்டி வராமல் பயணிகளை நாற்பது நிமிஷம் சமாளித்தாயே, அதைச் சொல். மூச்சு விடாமல் சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பணிப்பெண்களைச் சமாதானம் செய்தாயே, அது எவ்வளவு நல்ல கதை.

அந்த மேஜையில் உட்காரப்போகும் கேப்டன் ஒருவன் என்னோடு படித்தவன். தலையில் ஒரு முடி இல்லாததால் அவனுக்குச் 'சீப்பு' என்று பெயர் வைத்தோம். நீ பெயரைச் சொல்லாவிட்டால் என்ன? எந்த வருஷம், எந்த விமானம் என்று கேட்டாலே சீப்புக்குத் தெரிந்துவிடும். அவனுக்குத் தெரிந்தால் அவன் மனைவிக்குத் தெரியும். அவன் மனைவிக்குத் தெரிந்தால் உன் அக்காவுக்கு அன்று மாலையே தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமைகூட உன் அக்கா அந்தக் கதையை மாடி வீட்டுக்காரர்களுக்குச் சொன்னாள். "மழையில ரொம்ப வேகமா, ரொம்ப உயரமா வந்துட்டாங்க. இறங்கியிருந்தா ஓடுபாதைய தாண்டிப் போயிருக்கும். இவர் சட்டுன்னு முடிவு பண்ணி, மறுபடி மேலே ஏத்திட்டாரு. நூத்திநாப்பது உசுரு." நான் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். மாடி வீட்டுக்காரர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

ஏணி வண்டியைச் சொல், மச்சான்.

அத்தான்


மார்ச் 29

அன்புள்ள அத்தானுக்கு,

இன்டர்வியூ முடிந்தது. எழுத்துத் தேர்வு நன்றாகப் போனது. சிமுலேட்டரில் நீங்கள் சொன்னபடியே என்ஜினை அணைத்தார்கள், பேசிக்கொண்டே ஓட்டினேன்.

மேஜையில் அந்தக் கேள்வி வந்தது. ஏணி வண்டியைச் சொன்னேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "ஏணி உங்களுக்கு மேலதிகாரியா சார்?" என்று கேட்டார். எரிபொருள் கணக்கைச் சொன்னேன், அது வெறும் மறதி என்றார்கள். பணிப்பெண்களைச் சொன்னேன். சீப்பு பேனாவை மூடி வைத்துவிட்டு, "கேப்டன்கிட்ட 'தப்பு'ன்னு ஒரு தடவையாவது சொல்லியிருக்கீங்களா, இல்லையா?" என்றார். நான் தண்ணீர் குடித்தேன்.

நேற்றுக் கடிதம் வந்திருக்கிறது. மற்றதெல்லாம் தேர்ச்சியாம். அந்த ஒன்றில் மட்டும் திருப்தி இல்லையாம். ஏப்ரல் 9ஆம் தேதி மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள், பதினைந்து நிமிஷத்துக்கு. இது எல்லாருக்கும் தருவதில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள்.

உங்கள்மேல் வருத்தமில்லை. அன்று நடந்ததைப் பற்றிய அறிக்கையில் உங்கள் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. உங்கள் கல்யாணப் பத்திரிகை அப்போது அச்சாகி வீட்டில் இருந்தது. அக்கா முகத்தை நினைத்துத்தான் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

மச்சான்


ஏப்ரல் 5

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் மூன்று முறை படித்துவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன். உன் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நான் போர்வை மடிக்க வந்தது அதுதான் முதல் தடவை என்பதால் அவளுக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

சொல்லிவிட்டேன். அன்று முடிவு எடுத்தது நான் இல்லை என்று. பக்கத்தில் துணை விமானியாக உட்கார்ந்திருந்த நீ முறைப்படி 'கோ அரவுண்ட்' என்று, அதாவது இறங்காதே மேலே ஏறு என்று, இரண்டு தடவை சொன்னாய் என்று. எனக்குக் கேட்கவில்லை என்று. அப்போதே காது போய்க்கொண்டிருந்தது, மருத்துவப் பரிசோதனையில் குத்துமதிப்பாகப் பொத்தானை அழுத்தித் தேறிக்கொண்டிருந்தேன் என்று. நீ என் தோளைப் பிடித்து, "அத்தான், வேணாம்" என்றாய். அதுதான் கேட்டது. அதுவரை என்னைக் கேப்டன் என்று மட்டுமே கூப்பிட்டவன். யாருடா இது அத்தான் என்று திடுக்கிட்டு நிமிர்ந்ததில்தான் எனக்கு ஓடுபாதையே கண்ணில் பட்டது. கை தானாக மேலே ஏற்றியது. அறிக்கையில் 'நானே தீர்மானித்தேன்' என்று எழுதினேன்.

உன் அக்கா போர்வையை முழுசாக மடித்து முடித்தாள். "காது கேக்கலியா? நான் கூப்பிட்டா நீங்க திரும்பாதது புருஷன் குணம்னுல்ல நெனச்சேன்," என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் பேசவில்லை. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று விளையாட்டாக எழுதலாம். ஆனால் தெரிந்தது. மூன்றாம் நாள் காலையில் காப்பியை வைத்துவிட்டு, என் காதுக் கருவியைத் தானே மாட்டிவிட்டு, "பதினோரு வருஷமா தப்பான ஆளப் புகழ்ந்திருக்கேன். என் தம்பி வாயத் தெறக்கல பாருங்க," என்றாள். நேற்று மாடிக்குப் போய்க் கதையைத் திருத்திச் சொல்லியிருக்கிறாள். இப்போது நீதான் கதாநாயகன். மழை புயலாகிவிட்டது. பயணிகள் இருநூறு ஆகிவிட்டார்கள்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சீப்புவிடம் கொடு. ஒன்பதாம் தேதி மறைக்காமல் சொல், என் பெயரோடு. பொய் அறிக்கையில் நீ கையெழுத்துப் போட்டதையும் சொல். அதற்காக உன்னை வேண்டாம் என்றால், அந்தக் குற்றத்தில் முக்கால் பங்கு என்னுடையது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும் என்று இருந்தது. அன்றிலிருந்து நீ என்னை ஒரு முறைகூடக் கேப்டன் என்று கூப்பிட்டதில்லை. உறவு கூடியதால் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். போகட்டும், நீ பதில் எழுத வேண்டாம்.

அத்தான்


ஏப்ரல் 21

அன்புள்ள கேப்டனுக்கு,

எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்தையும் சொன்னேன். அந்த அம்மாள் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரிக்காமல் இருந்தார். உங்கள் தாளைச் சீப்பு இரண்டு முறை படித்தார்.

"சரியா என்ன வார்த்த சொன்னீங்க?" என்றார்.

"ரெண்டு தடவ 'கோ அரவுண்ட்' சார். மூணாவது தடவ 'அத்தான், வேணாம்'."

"அது புத்தகத்துல இல்லியே."

"இல்ல சார். அவருக்குக் கேட்டது அதுதான்."

அவர் தலையைத் தடவிக்கொண்டு, "இங்க உங்களுக்கு அத்தான் முறையில யாரும் இல்ல. தோளப் புடிச்சுக்கங்க," என்றார். மற்ற இருவரும் குனிந்து எழுதினார்கள்.

நேற்று உத்தரவு வந்தது. கேப்டனாக இல்லை, அந்தக் கையெழுத்துக்காக ஒரு வருஷம் துணை விமானியாக வலது பக்கம் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். நியாயம்தான், அங்கே உட்கார்ந்து பேச எனக்குப் பழக்கம் உண்டு. சீப்பு உங்களை வீட்டுக்கு வரச் சொன்னார், போன் செய்யமாட்டாராம், எழுதுவாராம்.

இனி மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. திங்கட்கிழமை காது பார்க்கிறார்கள். உங்களுக்கும் சேர்த்துக் கேட்டுவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
மச்சான்