டியா சூடா மாத்தி

19.8.57, திங்கள்

காலையிலிருந்து தூறல். ரிப்பேர் கடை முழுக்க ரேடியோ. எல்லோருக்கும் 31-க்குள் பாட வேண்டுமாம். அன்றைக்குச் சுதந்திரம் நாட்டுக்கு, தலைவலி எனக்கு.

கம்போங் செட்டி குடியிருப்பிலிருந்து ஒரு பீபி, வயதான அம்மா. வெள்ளைக் கெபாயாச் சட்டை. ரேடியோப் பெட்டியைப் பூப்போட்ட பாத்தேக் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். அங்குள்ளவர்களுக்கும் நம் சாமிதான், பேச்சு மட்டும் மலாய்.

"டியா சூடா மாத்தி" என்றார். செத்துப்போச்சு. மலாயில் ஆள் செத்தாலும் மாத்தி, ரேடியோ நின்றாலும் மாத்தி. அவரும் டியா, அதுவும் டியா. "மாத்தியா? வால்வை மாத்திட்டாப் போச்சு" என்று தமிழில் முணுமுணுத்தேன். என் பழைய கேலி.

பிறகு மலாயில் விசாரித்தேன். எப்போது? போன மாதம். திடீரென்றா? இல்லை, ரொம்ப நாளாக இரைச்சல்.

"வயசாச்சு பீபி. பழசைக் கட்டிக்கிட்டு என்ன செய்யறது? புதுசா ஒண்ணு பாத்துக்குங்க."

என்னையே பார்த்தார். பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

20.8, செவ்வாய்

வெயில். பீபியின் பெட்டியைத் திறந்தேன். வால்வு சரி. ஒயர் சரி. பிளக்கைச் செருகினால் கணீரென்று பாடுகிறது. பிறகு எதற்குக் கொண்டுவந்தார்?

சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே வீட்டுக்காரி சரசுவிடம் சொன்னேன். அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"ஐயோ, மாத்தி ஆனது ரேடியோ இல்லங்க. அவங்க வீட்டுக்காரரு. போன மாசம். கோயில்ல பேசிக்கிட்டாங்களே."

இரைச்சல் என்றது அவர் நெஞ்சை. நான் சொன்னதோ பழசு, புதுசு. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

21.8, புதன்

கம்போங் செட்டி நடந்து போகிற தூரம்தான். போகவில்லை. பயம். சால்டரிங் அயர்ன் விரலில் பட்டுக் கொப்புளம். வேணும் எனக்கு.

23.8, வெள்ளி

பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். சரசு கொடுத்த வாழைப்பழம் ஒரு சீப்பு.

வாசலிலேயே மன்னிப்புக் கேட்டேன். பீபி கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"புதுசு வேணாம்னு சொல்ல வாய் வரல. எனக்கு இதைத் திருப்பத் தெரியாது. தொட்டதே இல்ல. எல்லாம் அவர்தான். முப்பத்தொண்ணாம் தேதி கேக்கணும்னு காத்துக்கிட்டு இருந்தாரு. எப்படித் திருப்பறதுன்னு கேக்கத்தான் உங்க கடைக்கு வந்தேன்."

ஆக, ரிப்பேர் இல்லை. திருகக் கற்றுக்கொள்ள வந்தவர்.

ஸ்டேஷன் வரும் இடத்தில் ரேடியோக் கண்ணாடி மேல் பொட்டு மாதிரி சிவப்புப் புள்ளி வைப்பது வழக்கம். வெள்ளைக் கெபாயாவைப் பார்த்ததும் கை தயங்கியது. பச்சை வைத்தேன். எந்தத் திருகு எதற்கு என்று காட்டினேன். அவர் திருகினால் முள் பச்சையைத் தாண்டிப் போகிறது. மறுபடி. மறுபடி.

"அன்னிக்கு நான் வந்து போட்டுத் தர்றேன் பீபி."

"வாங்க. ஆனா நான்தான் போடுவேன்."

30.8, வெள்ளி

மழை. எல்லா செட்டும் போயாச்சு. ஒன்று மட்டும் தேறவில்லை, தெங்கேரா தெரு டீக்கடைக்காரருடையது. அவருக்கு என் வீட்டு செட்டைக் கொடுத்துவிட்டேன். சரசு முறைத்தாள்.

31.8, சனி

கடை அடைப்பு. சரசுவும் நானும் பீபி வீட்டில். ரேடியோ பக்கத்தில் பீபி வீட்டுக்காரருடைய பிரம்பு நாற்காலி, காலி. கைப்பிடி மேல் ஒரு கிளாஸ் கோப்பி, ஆவி பறக்க.

பீபி திருகினார். முதலில் விளக்கு. சத்தம் இல்லை. வால்வு சூடேற வேண்டும், எனக்குத் தெரியும், இருந்தும் பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். முள் பச்சைக்கு வந்தது. இரைச்சல். பிறகு கூட்டம், "மெர்டேக்கா", விடுதலை என்று, திரும்பத் திரும்ப.

சரசு அழுதாள். நானும்தான்.

பீபி அழவில்லை. ரேடியோவைப் பார்க்கவும் இல்லை. நாற்காலியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "டியா சூடா ஹிடுப்." உயிர் வந்தாச்சு.

ரேடியோ பாடினாலும் ஹிடுப்தான், ஆள் பிழைத்து வந்தாலும் ஹிடுப்தான். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.