நான்காம் சர்வரின் சுவிட்ச்

இன்று காலை லேபைக் காலி செய்தபோது பீரோவுக்கு அடியில் உன் ஜங்ஷன் பாக்ஸ் கிடைத்தது. நான்கு சுவிட்சுகளிலும் நகப்பூச்சால் நீ போட்ட எண்கள் இன்னும் அழியவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஓசூரில் நம் சின்னக் கம்பெனி, ராட்சதக் கணினிகளுக்கான சேமிப்பு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த காலம். ஒரே ஃபைலை நான்கு சர்வர்கள் பங்கு போட்டு வைத்துக்கொள்ளும். திடீரென்று கரண்ட் போனால் தகவல் பிழைக்குமா என்று பார்ப்பதுதான் நம் இருவர் வேலை. நான் சோம்பேறி. மெயினை அணைப்பேன், போடுவேன், டிக் அடிப்பேன். நீயோ உன் ஊர் தளியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ஒவ்வொரு சர்வரின் சுவிட்சையும் தனித்தனியாக அணைத்துப் பார்ப்பாய்.

"கரண்ட் போனா எல்லாத்துக்கும்தாண்டி போவும். எதுக்கு இந்த வேலை?" என்றேன்.

"எல்லாம் ஒண்ணா சாவாதுடி. ஒண்ணு முன்ன போவும், ஒண்ணு பின்ன போவும்."

ஒருநாள் பிடித்துவிட்டாய். 'எழுதியாயிற்று' என்று முதல் சர்வர் குறித்துக்கொண்டுவிட்டது. நான்காவது தன் பங்கை டிஸ்க்கில் இறக்குவதற்குள் அதை மட்டும் அணைத்தாய். திரும்பப் போட்டால் ஃபைலின் பெயர் இருந்தது, அளவும் சரியாக இருந்தது, உள்ளே ஒரு பகுதி வெறும் பூஜ்யம். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய்.

மேனேஜர் வந்தபோது அது சிக்கவில்லை. இமைப்பொழுது தவறினாலும் சிக்காத பிழை அது. "நீ பாத்தியாம்மா?" என்று என்னைக் கேட்டார். மறுநாள் டெலிவரி. "இல்ல சார்" என்றேன். நீ என்னை ஒருதரம் பார்த்தாய். அந்த மாதமே வேலையை விட்டாய்.

ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளரிடம் அதே பிழை வெடித்தது. எல்லாப் பங்கும் டிஸ்க்கில் இறங்கிய பிறகே குறிப்பு எழுதும்படி வரிசையை மாற்றினேன். நாலே வரித் திருத்தம். மன்னிப்புக் கேட்கத் தளிக்கு பஸ் ஏறினேன். உன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். காய்ச்சலில் நான்கே நாளில் போய்விட்டாயாம்.

உன் அம்மா கேட்டார்: "ஏம்மா, என்னமோ தப்பு கண்டுபுடிச்சேன், யாரும் நம்பலன்னு சொல்லிட்டே இருந்தா. நெஜந்தானா அது?"

"நெஜந்தாம்மா" என்றேன். கூட இருந்து பார்த்தவள் ஒருத்தி உண்டு என்பதை நீ வீட்டில்கூடச் சொல்லவில்லை. எனக்கும் அன்று வாய் வரவில்லை.

இப்போது அம்மாவும் இல்லை. கேட்பதற்கு ஆளே இல்லாத அந்தப் பதிலை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். பார்த்தேன்டி. நீ காட்டிய அன்றே பார்த்தேன்.