கழுவாத குவளை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். மூட்டுவலி தேவலையா? எனக்குச் சளிகூட இல்லை.

நீ பயப்படுவதுபோல் நான் சிகரம் ஏறுவதில்லை. அடிவார விடுதியில் சமையல்தான். ஏறுகிறவர்கள் தேநீர் குடித்த குவளையை, இறங்கி வரும்வரை இங்கே கழுவ மாட்டோம். திரும்பியதும் அதிலேயே குடிப்பார்கள். போன வாரம் ஒரு பல் டாக்டர், "வந்துடறேன், சர்க்கரை கொஞ்சம் தூக்கலா போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டு ஏறினார். தேடப் போனவர்கள் வெறுங்கையோடு இறங்கினார்கள். நேற்று பெரிய சமையல்காரர் என்னிடம், "கழுவிடுப்பா" என்றார். அவ்வளவுதான், நீ கவலைப்படாதே.

கைவெடிப்புக்குக் களிம்பு அனுப்பு. தண்ணீர் ரொம்பச் சில்லென்று இருக்கிறது. தபால் வண்டிக்காரர் அவசரப்படுத்துகிறார், முடிக்கிறேன்.

அம்மா, கிளம்பும்போது நான் காபி குடித்த டம்ளரைக் கழுவிவிட்டாயா?

உன் மகன்